யார் செய்த வினை?

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சஷ்டி விரதம் விட்டதில்லை. வினை, பயன் எல்லாம் நம்புகிறவள்தான். ஆனால் பச்சைக் குழந்தை படுத்திருக்கும் கட்டிலருகே நின்று “போன ஜென்மத்துப் பாவம்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் இறங்கும் நாளங்கள் அடைத்துப்போன குழந்தைகள் அபூர்வமாகப் பிறப்பதுண்டு. அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த இளம்தாய் துணியை விரித்துக் காட்டினாள். மூத்திரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை. மலம் மட்டும் சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுப்பு. குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. அதுவரை காலை வெயிலில் காட்டியிருக்கிறார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பரிகாரத்துக்குக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். “கிரகணத்தன்னிக்கு இவ வாசல்ல நின்னா சிஸ்டர், நான் அப்பவே சொன்னேன்” என்றார் மாமியார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒன்றுக்கு இந்நோய் வந்து மற்றது நன்றாக இருந்ததுண்டு. அதே வயிறு, அதே கிரகணம், ஜாதகத்திலும் சில நிமிட வித்தியாசம்தான். தாயை எப்படிக் குற்றம் சொல்வது? குழந்தையின் சொந்த வினை என்பார்கள். இருக்கட்டும், அதைப் படித்துச் சொல்லும் கண் யாருக்கு இருக்கிறது?

அனுபவிக்கும் இன்பதுன்பமெல்லாம் முன்வினைதானா என்று புத்தரிடமே ஒரு துறவி கேட்டிருக்கிறார். சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். முதலாவது பித்தம்! வினை எட்டாவது. வினையை மறுத்தவரல்லர் அவர்; எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டவும் விடவில்லை.

ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற மருத்துவர் 1950-களில் இந்நோய்க்கு ஒரு வழி கண்டார்: குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய்க் கல்லீரலின் வாசலில் தைப்பது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். பிறகும் பலருக்குக் கல்லீரல் மாற்று வேண்டியிருக்கும். 1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு டெல்லியில் தந்தையின் கல்லீரல் துண்டைப் பொருத்தினார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டான்.

பாவக்கணக்கு பார்ப்பதில் கரைவது இந்த 60 நாள்தான். நம் துன்பத்துக்கு வினையை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். அடுத்தவர் பிள்ளைக்கு அதைச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தாலோ, மலம் வெளுத்திருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பரிகாரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.