"எனக்கு வேண்டாம்ப்பா": இதை அப்படியே ஏத்துக்கலாமா?



இந்த வாரம் ஒரு கேள்வி. வீட்டில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோ "எனக்குப் பசிக்கல, வேண்டாம்"னு சொன்னா, அதை மதிச்சு விட்டுடறது மரியாதையா? இல்ல, வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறது அன்பா?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா 2017-18-ல் இந்தியா முழுக்க முதியோரிடம் நடந்த பெரிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைக்குக் கீழே இருப்பது தெரிய வந்தது. நாலு பேரை எடுத்தால் ஒருத்தருக்கும் மேல். அரிசிக்கு வழியில்லாத வீடுகளில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. ஃபிரிட்ஜ் நிறைய சாப்பாடு இருக்கிற வீட்டிலும் பெரியவங்க மெலிஞ்சுக்கிட்டே போறாங்க.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோருக்கு உணவு கொடுப்பது பிள்ளைகளின் கடமைன்னு சொல்லுது. சரிதான். ஆனா உணவு கொடுக்கிறது வேற, அது வயித்துக்குள்ள போறது வேற. நமக்குப் புரியற மாதிரி சொன்னா, மாசா மாசம் பணம் அனுப்புறது ஒரு டிக். மளிகை வீடு போய்ச் சேர்ந்தா ரெண்டு டிக். அவங்க உட்கார்ந்து சாப்பிட்டாத்தான் நீல டிக். நிறைய வீட்டில் கதை ரெண்டாவது டிக்கோடு நின்னுடுது.

ஏன் நிக்குதுன்னு யோசிச்சா, "வேண்டாம்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள பல காரணம் ஒளிஞ்சிருக்கு.

உடம்பு சொல்ற வேண்டாம் ஒண்ணு. வயசானா நாக்கில் ருசியும் மூக்கில் வாசனையும் குறையும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். தாகமே தெரியாது. மலச்சிக்கல் இருந்தா சாப்பிடவே தோணாது. சில மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். சுகருக்கு நிறைய பேர் போடற மெட்ஃபார்மினே சிலருக்குப் பசியைக் குறைக்கும். ரொம்ப வருஷம் எடுத்தா பி12 சத்தும் குறையலாம். அதுக்காக மாத்திரையை நாமா நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட சொல்லணும்.

மனசு சொல்ற வேண்டாம் இன்னொண்ணு. துணை போன துக்கம், பேச ஆள் இல்லாத வீடு.

மூணாவது, கூச்சம் சொல்ற வேண்டாம். இது கண்டுபிடிக்கவே கஷ்டம். "அடுத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது"ங்கிற நினைப்பு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கணுமேன்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்காதவங்க எத்தனை பேர்!

என் அம்மாச்சிக்கு 76 வயசு. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. மாமா பக்கத்து டவுன்லதான். மளிகைக்குக் குறையே கிடையாது. போன பொங்கலுக்கு நான் போனப்ப, கையைத் தூக்கினா வளையல் முழங்கை வரைக்கும் இறங்குச்சு. கேட்டா, "வயசானா உடம்பு வத்தத்தானே சாமி செய்யும்"னு சிரிச்சாங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசப் பேச ஒவ்வொண்ணா வந்தது. பல்செட் லூஸாகி ஈறுல உரசுது. அதனால சுண்டல், பொரியல் எல்லாம் நின்னு போச்சு; மதியம் ரசம் சோறு மட்டும். புதுப் பல்செட்டுன்னா மாமாவுக்குச் செலவுன்னு யார்கிட்டயும் சொல்லலை. ராத்திரிக்கு டீயும் ரஸ்க்கும். "ஒருத்திக்குன்னு என்னத்த சாமி உலை வைக்கிறது?"

இதுல அவங்க வேண்டாம்னு சொன்னது எதை? ஈறு வலியை, மாமாவோட செலவை, தனியா உட்கார்ந்து சாப்பிடறதை. சோறு பாவம், அது நடுவுல மாட்டிக்கிச்சு.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப, "அவங்க எழுபத்தாறு வருஷம் வாழ்ந்தவங்க. குழந்தை மாதிரி நடத்தாதே. என்ன சாப்பிடறதுன்னு முடிவு பண்ற உரிமை அவங்களுக்கு இருக்கு"ன்னார். இந்த வாதத்தை லேசாத் தள்ளிட முடியாது. வாயைத் திறக்கச் சொல்லித் திணிக்கிறது அன்பு இல்லை. அதுவும் ஒரு அவமதிப்புதான்.

ஆனா ஒரு முடிவு சொந்த முடிவா இருக்கணும்னா, எதிர்ல வேற வழியும் இருக்கணும். பல் வலிக்கிறவங்க சுண்டலை மறுக்கிறது விருப்பம் ஆகாது. அதனால நான் எனக்குன்னு வெச்சுக்கிட்ட வழி இதுதான்: முதல்ல தடையை எடு. அப்புறம் மறுபடி கேளு. பல்லைச் சரி பண்ணி, மாத்திரையை டாக்டர்கிட்ட காட்டி, கூட உட்கார ஒரு ஆளையும் வெச்ச பிறகும் "வேண்டாம்"னு வந்தா, அது அவங்களோட வார்த்தை. அதுக்குத் தலை வணங்கலாம். கடைசி நாட்கள்ல உடம்பே உணவை விடத் தொடங்கும். அப்போ கட்டாயப்படுத்தாம இருக்கிறதுதான் தர்மம். ஆனா தடை என்னன்னே கேட்காம "அவங்க இஷ்டம்"னு சொல்றதுக்கு மரியாதைன்னு பேர் வைக்க என் மனசு ஒப்பலை.

இன்னொரு பக்கமும் இருக்கு. வீடியோ பார்த்துட்டு நாமே பெரியவங்க தட்டில் இருந்து ஒவ்வொண்ணா எடுத்துடறோம். நெய் கூடாது, உப்பு கூடாது, சோறு கூடாது, வாழைப்பழம் கூடாது. 40 வயசுக்காரருக்குச் சரியான பத்தியம் 80 வயசுக்காரரை மெலிய வெச்சிடும். முதியோருக்குத் தேவையில்லாத உணவுக் கட்டுப்பாடு வேண்டாம்னுதான் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டு நெறியும் சொல்லுது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் குறைந்தது 1 கிராம் புரதம் வேணும்கிறாங்க. 50 கிலோ இருக்கிறவங்களுக்கு 50 கிராம். ரெண்டு இட்லி, ஒரு கரண்டி ரசம் சோறு, டீ, ரஸ்க்னு ஓட்டினா 20 கிராமைத் தொடறதே கஷ்டம். புரதம் குறைஞ்சா தசை கரையும். தசை கரைஞ்சா கால் தடுமாறும். விழுந்தா எலும்பு உடையும். கெட்டிப் பருப்பு, தயிர், குழைய வெந்த பாசிப்பயறு, பால், சாப்பிடறவங்களுக்கு முட்டை, மீன். பெரிய தட்டு வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை. கிட்னி பிரச்சினை இருக்கிறவங்களுக்கு மட்டும் புரத அளவை டாக்டர் சொல்லட்டும்.

விரதம் பத்தியும் சொல்லணும். கந்த சஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கணும்னு பாட்டி நினைச்சா அந்த பக்தியை நாம கேலி பண்ணக் கூடாது. ஆனா சுகர் மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரலாம். வயசானவங்களும் நோயாளிகளும் பால், பழம் எடுத்துக்கிட்டே விரதம் இருக்கிறது நம்ம வழக்கத்தில் உள்ளதுதான். பக்குவமா எடுத்துச் சொன்னா கேட்பாங்க.

பழனி கோயில்ல 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. அங்கே பந்தியில் உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், பரிமாறுறவர் நம்ம முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைப் பார்ப்பார். சாதம் தீர்ந்திருந்தா கேட்காமலே வாளி வரும். கை வெக்காம இருந்தா "ஏன்"னு ஒரு பார்வை. அந்தப் பார்வை சேர்ந்தாத்தான் அது அன்னதானம். வீட்டுப் பெரியவங்களுக்கும் அதே பார்வைதான் வேணும்.

செய்யக்கூடியது எல்லாம் ரொம்ப எளிமை. மாசத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க. மூணு மாசத்துல 3 கிலோவுக்கு மேல தானா குறைஞ்சிருந்தா டாக்டரைப் பாருங்க. எடை மெஷின் இல்லையா? கெண்டைக்காலை டேப்பால் அளங்க. 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனா அதுவும் எச்சரிக்கை. வளையல், மோதிரம், ஜாக்கெட், பல்செட் லூஸாகுதான்னு கவனிங்க. முடிஞ்ச நேரமெல்லாம் கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. தூரத்தில் இருந்தா அந்த நேரத்துக்கு வீடியோ கால் போடுங்க, இல்ல பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

வர்ற கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்க இலையை ஒரு தடவை பாருங்க. பாதியிலே மடிச்சிருந்தா, ஏன்னு பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க.

தாத்தா பாட்டி தனியா இருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை.