'பார்த்துக்கலாம்' என்பது பொய்யா?

"கவலைப்படாதீங்க தம்பி, பார்த்துக்கலாம்." கோயில் திருவிழாவோ, பல்கலைக்கழகத் தீபாவளி விருந்தோ, இந்த வார்த்தை இல்லாமல் எந்த ஏற்பாட்டுக் கூட்டமும் முடியாது. யார் பார்ப்பார், எதை, எத்தனை மணிக்குள்? நாம் கேட்பதில்லை. கேட்டால் பெரியவர்களை நம்பாத மாதிரி ஆகிடுமே என்ற தயக்கம். சரி, அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறாரா?

பாரதப் போரில் தருமர், 'அசுவத்தாமன் இறந்தான்' என்று துரோணருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, 'யானை' என்பதை மட்டும் மெல்லச் சொன்னார். அதனால், அதுவரை தரையில் படாமல் ஓடிய அவருடைய தேர் மண்ணில் இறங்கியது என்கிறது கதை. அவர் ஏமாற்ற நினைத்தே சொன்னார். நம்ம 'பார்த்துக்கலாம்' அப்படி இல்லை. எண்ணம் நல்லதுதான்.

ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதுமா? பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் ஒரு விபத்து உண்டு. 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் நடன நிகழ்ச்சி. மேலே தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பாலங்களைத் தாங்க ஒரே நீளக் கம்பி என்பதுதான் முதல் திட்டம். பிறகு அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். மேல் பாலத்தின் இணைப்பில் சுமை இரு மடங்கானது. வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. அந்த இணைப்பு தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் இல்லை. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

நம்ம விழாவில் பாலம் விழாது. ஆனால் அன்னதான வரிசையில் வயதானவர்கள் நிற்பார்கள், சாப்பாடு வந்திருக்காது. அங்கே திட்டு வாங்குவது, அந்தக் கூட்டத்துக்கே வராத ஒரு சின்னத் தொண்டூழியர். தெளிவில்லாத சொல்லுக்கு விலை கொடுப்பவர் அதைச் சொன்னவர் அல்ல. அதனால்தான் இது தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறேன். யாருக்கும் தீங்கு தராத சொல்லைத்தான் வள்ளுவர் வாய்மை என்கிறார். அந்த அளவுகோலில் 'பார்த்துக்கலாம்' தேறாது.

"அண்ணே, சாப்பாடு 6 மணிக்கு வந்துடும்னு உங்க பேர்ல எழுதிக்கவா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முடியாதென்றால், "முடியாதுப்பா" என்று சொல்ல அவருக்கும் அப்போதுதான் வழி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கூட்டத்தில் அன்போடு கேட்டுப் பாருங்களேன்: "யாரு, எத்தனை மணிக்கு?"