குழி தோண்டிப் பார்க்கும் அதிகாரி

அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் சதுப்பு நிலத்தைச் சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ தூர்க்க நினைப்பவர், பொதுவாக ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி பெற வேண்டும். தவிர்க்க முடியாத இழப்புக்கு ஈடும் செய்ய வேண்டும். அந்த ஈட்டை விற்கவே ஈரநில வங்கிகள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் வேறோர் இடத்தில் சீரழிந்த ஈரநிலத்தை மீட்கும். மீட்டதை ‘கிரெடிட்’ என்று அளந்து விற்கும். வாங்கியவரின் பொறுப்பு அத்துடன் வங்கியின் தலைக்கு மாறிவிடும்.

2008-ஆம் ஆண்டு விதிகள் இந்த வங்கிகளுக்கே முதலிடம் கொடுத்தன. அவற்றின் திட்டங்களைப் பல துறை அதிகாரிகள் சேர்ந்த குழு ஆராய்கிறது. அவர்களுக்குத் தரும் பயிற்சியை அலுவலகச் சடங்காக என்னால் நினைக்க முடியவில்லை. இழந்த நிலத்துக்காகக் கேள்வி கேட்க அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

பச்சையாக இருக்கிறது என்பதால் மட்டும் நிலம் மீண்டுவிட்டதாகாது. சம்பு மட்டும் மண்டிக் கிடந்தாலும் தூரப்பார்வைக்குச் செழிப்புதான். குழி தோண்டிப் பார்க்க வேண்டும். நீர் தேங்கும் மண்ணில் காற்று புகாமல் இரும்பு கரைந்து மண் சாம்பல் பூக்கும்; வேரோரங்களில் துருக்கறை படியும். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. வாய்க்கால் வெட்டி வடித்துப் பல ஆண்டுகள் ஆன வயலிலும் அந்த நிறம் அழியாமல் நிற்கும். தண்ணீர் இன்று வருகிறதா, எத்தனை நாள் நிற்கிறது என்பதைக் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளோடு ஒப்பிட்டுப் படிக்கத் தெரிய வேண்டும்.

இதைவிடக் கடினமானது, கிரெடிட்டை நிறுத்திவைப்பது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, நிலமும் பிணைத்தொகையும் உறுதியானதும் ஒரு பங்கு விற்பனைக்கு வந்துவிடும். சதுப்புக் காடு ஒன்றை ஒரு வாரத்தில் தூர்த்துவிடலாம். ஈடாக நட்ட கன்றுகள் காடாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். விதி கேட்கும் கண்காணிப்போ குறைந்தது 5 ஆண்டுகள். மெதுவாக வளரும் காடுகளுக்கு இன்னும் நீளலாம். எவ்வளவு நீளம் என்று சொல்லும் துணிவு அதிகாரிக்கு வேண்டும். முதலீடு செய்தவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது அது எளிதல்ல.

‘நிகர இழப்பு இல்லை’ என்ற குறிக்கோள் எட்டப்படவில்லை என்று தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-லேயே எழுதிவிட்டது. ஆகவே, பயிற்சிக்கு வருபவர்களை வெற்றி பெற்ற இடங்களுக்கு மட்டும் அழைத்துப்போகக் கூடாது. பத்தாண்டுகளுக்கு முன் ஒப்புதல் பெற்று, தண்ணீர் வராமல் போன ஓரிடத்துக்கும் கூட்டிச்சென்று, அன்றைய ஒப்புதல் கோப்பை அவர்கள் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கேள்வி கேட்கத் தவறினார்கள் என்று தேடச் சொல்ல வேண்டும்.