உங்கள் வீட்டுச் சுவரில் யார் இருக்கிறார்கள்?



போன மே மாத லீவுக்கு என் இளைய மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் அவள் படுக்கிற அறைக் கதவைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சுவர் முழுக்க போட்டோ! சணல் கயிறு கட்டி, சின்னச் சின்ன மரக் கிளிப்பு மாட்டி, துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்குகிறது. சுற்றிலும் சீரியல் லைட் வேறு. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. செல்போனில் எடுத்ததை எல்லாம் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஏழு வருஷமாகச் சுவரில் ஒரு படம் கிடையாது. ஹாலில் வாக்குத்தத்தக் காலண்டர் ஒன்றுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆகவே சத்தம் போட்டேன். "இது என்னம்மா, விசுவாசி வீட்டு ரூமா, சினிமாக் கொட்டகையா?"

அவள் கோபப்படவில்லை. "அப்பா, இதுல சாமி படம் ஏதாவது இருக்கா? எல்லாம் நம்ம ஆளுங்கதானே. யாரும் கும்பிடப் போறதில்லப்பா" என்றாள். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "என்னங்க, இருந்துட்டுப் போகட்டுமே. லீவு முடிஞ்சா அவளே எடுத்துருவா" என்றாள். நான் பதில் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். பதில் இல்லாததினால்தான் பேசவில்லை.

இந்தக் கேள்வி நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறதுதான். ஒரு விசுவாசி வீட்டில் மனுஷருடைய படத்தை மாட்டலாமா? செத்துப்போனவர்கள் படத்தை வைக்கலாமா? சிலர் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றுமே கூடாது என்கிறார்கள். சிலர் அதெல்லாம் பழைய காலம் என்கிறார்கள். நான் நீண்ட நாள் முதல் கட்சியில் இருந்தவன். ஆனால் அந்தக் கட்சிக்கு எங்க அம்மா வரவே இல்லை.

அம்மா இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தபோது எங்கள் ஓட்டு வீட்டில் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. வாசலுக்கு மேலே, தலை முன்னால் சாய்ந்த மாதிரி, ஆணியில் கயிறு கட்டித் தொங்கும். சந்தனப் பொட்டு, காய்ந்த மாலை, அமாவாசைக்கு ஒரு ஊதுபத்தி. ஞானஸ்நானம் எடுத்த அன்று சாயங்காலமே அம்மா நாற்காலி போட்டு ஏறி, மாலையைக் கழற்றினார்கள். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார்கள். படத்தைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர், "படத்தையும் எடுத்துருங்கக்கா" என்று சொன்னதற்கு அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாலையத்தான கழட்டச் சொன்னாரு கர்த்தரு, மனுசனையுமா கழட்டச் சொன்னாரு?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இது எசேக்கியா ராஜா செய்த காரியந்தான் என்று பின்னாளில் எனக்கு விளங்கிற்று. மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லியே செய்யப்பட்டது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்ட ஆரம்பித்த பிறகுதான் எசேக்கியா அதை உடைத்தான் (2 இராஜாக்கள் 18:4). அது வந்தவழி சரி. அதற்கு முன்னால் மனுஷன் செய்தது சரியில்லை. அம்மா தூபத்தை மட்டும் நிறுத்தினார்கள்.

படம் என்பது அந்தக் காலத்தில் லேசாகக் கிடைக்கிற பொருளா? நம்ம புதுக்கோட்டைக்குக் கேமரா வந்து ரொம்ப காலமாகிறது. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் இங்கே எடுத்த படங்கள் 1858-லேயே ஆல்பமாக வெளிவந்தன. ஆனால் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் அது வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் வேறு. உயிரோடு இருந்தபோது படமெடுக்காத பெரியவர்களை, இறந்தபின் நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் சுற்றி நின்று எடுத்த படங்களை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்தபோது இந்த மாதிரிப் படங்களும் அவர்களுக்குக் கிடைத்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது படங்கள் வீட்டுக்கு முன்பக்கந்தான் இருக்கும். ராயவரம், அரிமளம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் பார்த்தால், வருகிறவர் போகிறவர் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் பாட்டன் பூட்டன் வரிசை இருக்கும். நம்மைப்போல எளியவர் வீட்டில் படுக்கையறை என்றே ஒன்று கிடையாதே! பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டினால் ஹால். காங்கிரீட் வீடு வந்து, பிள்ளைகளுக்குத் தனி ரூம் வந்த பிறகுதான் படம் உள்ளே வந்திருக்கிறது. முன்னறைப் படம் ஊருக்கு. படுக்கையறைப் படம் படுத்திருக்கிறவனுக்கு.

ஊருக்குக் காட்டுகிறதில் ஒரு ஆபத்து உண்டு. சவுல் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான் (1 சாமுவேல் 15:12). அப்சலோம் தன் பேரை நினைக்கக் குமாரன் இல்லையென்று உயிரோடிருக்கும்போதே தனக்கு ஒரு தூணை நிறுத்தினான் (2 சாமுவேல் 18:18). செல்போனில் தன்னைத்தானே நூறு படம் எடுத்துத் தன்னையே சுற்றி மாட்டிக்கொள்கிற வாலிபருக்கு இந்த வசனங்களைக் காட்டத்தான் வேண்டும். என் மகள் சுவரில் அதைத் தேடினேன். நாற்பத்து மூன்றில் அவள் மட்டும் தனியாக இருக்கிற படம் இரண்டே இரண்டு.

படுக்கையறைச் சுவர் வேறு விதம். அதே எசேக்கியா வியாதிப்பட்டு மரணத்தருவாயில் கிடந்தபோது தன் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு ஜெபம்பண்ணினான் (2 இராஜாக்கள் 20:2). சுகமாயிருக்கிறவன் வாசலைப் பார்க்கிறான். படுத்துவிட்டால் சுவர்தான் மிச்சம்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது நமக்கு மறக்குமா? ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னை எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு விசுவாசிகள் வீடு வீடாகப் போனோம். கூரை பறந்த ஒரு வீட்டில் ஒரு விதவைத் தாயார், ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் கயிற்றுக் கட்டிலில் காயப்போட்டிருந்தார்கள். அதோடு பிரேம் போட்ட கல்யாணப் படம் ஒன்று. தண்ணீர் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது புருஷன் முகம் மட்டும் கண்ணாடியில் வந்துவிட்டது. அந்தத் தாயார் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பிரதர், இனிமே அவுக முகத்தை நா எங்க போயிப் பார்ப்பேன்?" என்றுதான் கேட்டார்கள். அந்த இடத்தில் "படம் வேண்டாம் அம்மா, அது விக்கிரகம்" என்று சொல்லக்கூடிய ஊழியக்காரன் யாராவது இருந்தால் அவரை நான் பார்க்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஓய்வு நாள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் கூட்டிப்போனோம். மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள் இருக்கின்றன, தலையணையோடு. வீடு, சொத்து, உறவு எல்லாம் வேண்டாம் என்று போனவர்கள் படுத்த இடம். ஆனால் ஒரு படுக்கையில், சுமார் 2000 வருஷத்துக்கு முந்தின தமிழ் எழுத்தில், அது எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளயர் என்பவர் செய்து கொடுத்தது என்று வெட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் விட்டவருடைய படுக்கையிலும் அவர் பிறந்த ஊர் இருக்கிறது, செய்துகொடுத்தவன் பேர் இருக்கிறது. பிள்ளைகள் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இவ்வளவு தெரிந்த நீ ஏன் வீட்டுச் சுவரை மொட்டையாக வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

எனக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை இரட்சிக்கப்பட்ட பையன், அபிஷேகம் பெற்றவன், குடி இல்லை, கடன் இல்லை. நம்ம ஜனம் இல்லை, அவ்வளவுதான். ஆவிக்குரிய காரணம் ஒன்றுமே இல்லை பிரியமானவர்களே, ஜாதிதான். அன்று ராத்திரியே ஹாலில் மாட்டியிருந்த அவளுடைய படத்தைக் கழற்றினேன். பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய படம். மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக, கட்டம் போட்டதுபோல் தெரிகிறது. வருகிறவர்கள் கண் எல்லாம் அங்கேதான் போகிறது. ஆகவே மற்றப் படங்களையும் கழற்றினேன். அம்மா கழற்றாத என் அப்பா படத்தையும் கழற்றினேன். டிஸ்டம்பர் அடித்தேன். கேட்டவர்களிடம், "படம் வைப்பது விக்கிரகத்துக்கு இடங்கொடுக்கும், கர்த்தர் உணர்த்தினார்" என்றேன். சபையில் எழுந்து அதைச் சாட்சியாகவும் சொன்னேன். நீங்கள் ஆமென் சொன்னீர்கள்.

அந்த மே மாதம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது நாற்பத்து மூன்று படத்தினால் அல்ல. நாலாவது வரிசையில் என் மூத்த மகள் இருந்தாள், மடியில் ஒரு பையன். அவன் சிரித்தால் என் அப்பா மாதிரியே இருக்கிறான்.

"அக்கா படத்த எடுத்துரணுமாப்பா?" என்று இளையவள் கேட்டாள். நான் என் அறைக்குப் போய் வேதத்தைத் திறந்தேன். யாத்திராகமம் 28. ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது இஸ்ரவேல் புத்திரரின் நாமங்களைத் தோளிலும் இருதயத்தின்மேலும் சுமக்க வேண்டும். எத்தனை முறை இதைப் பிரசங்கித்திருக்கிறேன்! பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேரும். ரூபன் தகப்பனுடைய மறுமனையாட்டியிடம் போனவன் (ஆதியாகமம் 35:22). சிமியோனும் லேவியும் ஒரு பட்டணத்து ஆண்களையெல்லாம் வெட்டினவர்கள். யாக்கோபு மனங்கசந்து அவர்களைப் பேசினான். ஆனால் கல்லில் பேர் வெட்டும்போது ஒருவனையும் விடவில்லை. அதுவும் தோளின்மேலுள்ள கற்களில் பிறந்த வரிசைப்படி வெட்டச் சொல்லியிருக்கிறது (28:10). அப்படியானால் முதல் பேர் ரூபன். மூத்தவன்.

என் மகள் ரூபன் செய்ததைச் செய்யவில்லை. வேதம் தடுக்காத ஒன்றைச் செய்தாள், அதை நான்தான் தடுத்தேன். நான் எடுத்துப்போட்டது விக்கிரகத்தை அல்ல, பேரை.

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது படம் ஓரமெல்லாம் பூச்சி அரித்து, ஆனால் முகம் கெடாமல் இருந்தது. ஹாலில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது. காங்கிரீட் ஆணி, அன்றைக்குப் பிடுங்க முயன்றும் வரவில்லை, அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டேன். முதலில் அப்பா படத்தை மாட்டினேன். பக்கத்தில் அவள் படம். என் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. மறைக்க விரும்பவில்லை, நானும் இன்னும் போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் இளையவள் வீடியோ காலில் பேசிக்கொண்டே போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பையன் மட்டும், "அது யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டேன்.

"அப்பா, அது கொஞ்சம் கோணலா இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.