எத்தனை வருடம் விருந்தாளி?

கல்யாணமாகி வந்தவளை நம் ஊரில் 'வாழ வந்தவள்' என்போம். முப்பது வருடம் உலை வைத்து, மாமனார் மாமியாரைக் கரையேற்றி, பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய பிறகும் ஏதோ ஒரு சண்டையில் 'உன் வீட்டுக்குப் போ' என்ற சொல் வந்து விழும். எது அவள் வீடு? பிறந்த வீட்டில் அவள் விருந்தாளி, புகுந்த வீட்டில் வந்தவள். இந்தச் சொல்லின் சூடு தெரிந்த நாமே அதை இன்னொருத்தியைப் பார்த்து எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்று மல்லாங்கிணற்றை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் உள்ள ஊர். வாசகர்கள் அதைக் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊராக அறிவார்கள். அங்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாம்களில் புதிய வீடுகள் கட்டித்தர முன்வந்தது. மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என உயர்த்தியது. (அடுப்படியில் நிற்பவளைவிடத் தலைவருக்கு ஏன் ஐந்நூறு அதிகம் என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி.)

இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 'இவ்வளவு செய்கிறோமே, ஒரு நன்றி வேண்டாமா?' என்று கேட்கிற பெண்களையும் குறைசொல்ல மாட்டேன். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் கூலிக்குப் போகிறவர்கள். காலையில் போனவள் சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொள்கிற வீடுகளைச் சேர்ந்தவர்கள். நமக்கில்லாதது அவர்களுக்குக் கிடைக்கிறதே என்ற அவர்களுடைய ஆதங்கம் பொய்யில்லை.

ஆனால் நன்றி மனதில் தானாக ஊற வேண்டியது. இருப்பதற்கே அது நிபந்தனை என்றாகும்போது வாடகையாகிவிடுகிறது. ஒப்பந்தம் இல்லாத, என்றைக்குத் தீரும் என்று தெரியாத வாடகை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி யார் என்று சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. முகாமில் கிடைக்கும் வீடும் பணமும் அரசாணையால் வருபவை, அரசாணையால் நிற்கவும் கூடும். தணிக்கை நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தானும் வங்கதேசமும் ஆப்கானிஸ்தானும் இருந்தன, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று 2025-இல் ஓர் ஆணை வந்தது. தண்டிக்க மாட்டோம் என்றது, குடிமகள் என்று சொல்லவில்லை.

அதே ஆண்டு மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்றது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் ஒரு சத்திரம் இருக்கிறது. சத்திரம், திரும்பிப் போக வீடுள்ள வழிப்போக்கருக்கானது. அதனால் அந்த வாக்கியத்தை நான் மறுக்கப்போவதில்லை. முகாமிலேயே பிறந்து, பூப்பெய்தி, பிள்ளை பெற்றவளுக்கு இது சத்திரமாக இருக்க முடியாதுதான். இனி எந்த ஊருக்குப் புறப்படுவாள்?

தமிழக முகாம்களில் மலையகத்தைச் சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர்களின் பாட்டன் பூட்டிகள் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். கப்பலேறும் முன் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த இடம் மண்டபம். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1977 வன்முறைக்குப் பிறகு பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கி, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தார்கள். போர் அங்கேயும் வந்தது. படகேறி வந்தவர்களை இறக்கிப் பதிவு செய்த இடம் அதே மண்டபம்! பூட்டி கொழுந்து பறிக்கப் போன வழியில் பேத்தி திரும்பியிருக்கிறாள், அந்நியளாக.

அந்த மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர் என்பது சட்டம். அதே பாயில் இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தங்கைக்கு அந்தக் கதவு கிடையாது.

ஊர்ப் பையன் ஒருவன் முகாம் பெண்ணைக் கட்டினால் அவளும் வாழ வந்தவள்தான். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி எனக் கருதப்பட்டால், குழந்தை பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெறாது. தலைப்பெழுத்து, சாதி, குலசாமி, காணி நிலம் எல்லாம் அப்பன் வழியில் இறங்கும் ஊர் இது. அம்மா வழியில் அந்தப் பிள்ளைக்கு இறங்குவது இது ஒன்றுதான். பிள்ளை பிறந்த வீட்டில் அன்றைக்குச் சீனி கொடுப்பார்கள், யாரும் அதைப் பேச மாட்டார்கள்.