முத்திரை குத்தாத டிக்கெட்டு



பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியிருக்கும் வீடுகள் நம் பங்கில் இன்று அநேகம். அவர்களைப் பார்த்துவர விமானம் ஏறும் பெற்றோரும் உண்டு. ஆகையால் அந்நிய பட்டணத்தில் பஸ் டிக்கெட்டு வாங்குவதைப் பற்றிச் சாமியார் எழுதுவானேன் என்று யாரும் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எழுதப்போவது வேறொருவர் குற்றமல்ல, என்னுடையது.

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆந் தேதி உரோமையில் பிரான்சிஸ் பாப்பரசர் நம் வேதசாட்சி தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அந்த வைபவத்துக்குப் போன கூட்டத்தில் நாங்கள் 14 பேர் ஒரு குழு. நானே வழிகாட்டி. உரோமையை அதற்குமுன் நான் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே டிரைவர் வண்டி ஓட்டுவதோடு சரி. தோல்பையும் விசிலுமாக நம்மிடம் வந்து நிற்கிற கண்டக்டர் கிடையாது. டிக்கெட்டை அப்போது ஏறுமுன்பே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நிலத்தடி ரயில் நிலையங்களிலும், பத்திரிகைக் கடைகளிலும், புகையிலைக் கடைகளிலும் விற்கிறார்கள். (அங்கி தரித்துப் புகையிலைக் கடைக்குள் நுழைய எனக்குக் கொஞ்சம் கூச்சமாயிருந்தது. கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.) டிக்கெட்டு ஒன்று ஒன்றரை யூரோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 120 ரூபாய். முத்திரை குத்திய நேரத்திலிருந்து 100 நிமிஷம் வரை எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். நிலத்தடி ரயிலில் ஒரே ஒரு தடவை. ரயிலில் வாசற்கதவே டிக்கெட்டை வாங்கி முத்திரையிட்டுத் திருப்பித் தரும். பஸ்ஸிலோ பிரயாணிதான் முத்திரைப் பெட்டியைத் தேடிப்போய், டிக்கெட்டைச் செருகிக் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட்டு வெறுங் காகிதம். பரிசோதகர் வந்தால் 50 யூரோவுக்கு மேல் அபராதம்.

இதெல்லாம் முதல் நாள் எனக்குத் தெரியாது. 14 டிக்கெட்டு வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து அர்ச். இராயப்பர் பேராலயத்துப் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். அந்த பஸ் ஜேப்படித் திருடருக்குப் பேர்போனது என்று எச்சரித்திருந்தார்கள். ஆகவே எல்லாரும் பையைப் பிடித்தபடியே நின்றோம். முன்னால் ஏறியவர்கள் ஒரு பெட்டியில் எதையோ செருகுவதைப் பார்த்தேன். அது என்னவென்று கேட்கவில்லை. இறங்கினோம். குழுவிலிருந்த பாட்டியம்மாள் ஒருவர், ஊரில் செய்வதுபோலவே, இறங்கியதும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

இரவு விடுதியில் ஒரு கன்னியாஸ்திரி முத்திரை விஷயத்தை விளக்கினார். மறுநாள் காலையில் கேள்வி எழுந்தது. "சாமி, நேத்து வாங்கின டிக்கெட்டு அப்படியே இருக்கே, இன்னைக்கு அதைக் குத்திக்கிடலாமா?" நான் சொன்னேன்: "தாராளமாகக் குத்தலாம். முத்திரை விழாத டிக்கெட்டு சட்டப்படி செல்லும்." பாட்டியம்மாளுக்கு மட்டும் புது டிக்கெட்டு வாங்கினோம். 13 பேரும் பழைய டிக்கெட்டில் முத்திரை குத்திப் பயணம் செய்தோம். எந்தப் பரிசோதகர் வந்திருந்தாலும் எங்களிடம் ஒரு குறையும் கண்டிருக்க முடியாது.

பஸ் ஒரு பாலத்தைத் தாண்டும்போது பக்கத்தில் நின்ற அண்ணாச்சி ஒருவர், நம் ஊரில் 30 வருஷம் கண்டக்டராயிருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகச் சொன்னார்: "சாமி, ரெண்டு டிரிப்பு அடிச்சிருக்கோம், ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு கொடுத்திருக்கோம். எங்க டிப்போவிலே இப்படிக் கணக்கு வந்தா என் சம்பளத்திலே பிடிச்சிருப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. குருமடத்தில் நான் படித்த பாடமல்லவா இது? அறியாமை குற்றத்தை நீக்கும், கடனை நீக்காது. பிறன் பொருளைத் தன்னுடையதென்று நல்லெண்ணத்தோடு வைத்திருந்தவனுக்குப் பாவமில்லை. ஆனால் உண்மை தெரிந்த நிமிஷத்திலிருந்து அவன் அதை வைத்துக்கொள்ளவும் கூடாது. முதல் நாள் பயணத்தில் எங்களுக்கு அதிகக் குற்றமில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தும் கேட்காதிருந்த என் அசட்டையை மட்டும் கணக்கில் வையுங்கள். இரவில் விஷயம் தெரிந்த பிறகு கையிலிருந்த அந்த டிக்கெட்டு யாருடையது? நேற்றைய பயணத்தின் விலை அது. பாட்டியம்மாள் ஒன்றுமறியாமல் கிழித்துப் போட்டாரே, அவர் ஒருவரே கணக்கை நேர் செய்தவர்.

அன்று மாலை இதைக் குழுவினரிடம் சொன்னபோது மறுப்புகள் வந்தன. அவற்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நியாயமானவர்களும் சொல்லுகிற மறுப்புகள் அவை.

"பஸ் எப்படியும் ஓடத்தானே போகிறது? நாம் ஏறியதால் யாருக்கு நஷ்டம்?" என்றார் ஒருவர். பஸ் எப்படியும் ஓடுவதற்குக் காரணம், மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருப்பதுதான். நம் ஊரில் டிக்கெட்டில்லாமல் ஒருவன் பிடிபட்டால் கண்டக்டருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும். அநியாயத்துக்கு அங்கே ஒரு முகம் இருக்கிறது. உரோமையில் அந்த முகம் தெரியாததால் அநியாயமே இல்லை என்று தோன்றிவிடுகிறது. வியன்னா, மியூனிக் நகரங்களில் நிலத்தடி ரயிலுக்குக்கூட வாசற்கதவு இல்லை. அங்கேயும் சோதனை இதுதான்.

"நம்மூர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம்தானே, அது மட்டும் நியாயமா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. லக்சம்பர்க் நாட்டில் 2020-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். ஊரார்க்கு மட்டுமல்ல, விருந்தாளிக்கும். அங்கே காசின்றி ஏறுகிறவன் திருடனல்ல. ஏனெனில் செலவை ஏற்கும் ஜனங்களே, தங்கள் அரசாங்கத்தின் வழியாக, ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். நம் மாநிலத்துப் பெண்களுக்கும் அப்படியே. காசு கொடாமல் போவது தானாகவே களவாகாது. உடையவன் சம்மதமில்லாமல் போவதுதான் களவு. உரோமையில் அந்தச் சம்மதத்தின் விலை ஒன்றரை யூரோ.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் படித்த இளைஞர். "பிடித்தால் அபராதம் கட்டத் தயாராயிருக்கிறேன். அது போதாதா?" இதற்கு வேதசாஸ்திரத்தில் ஒரு பழைய சாயல் உண்டு. சில சட்டங்கள் 'இதைச் செய், அல்லது தண்டனையை ஏற்றுக்கொள்' என்ற அளவுக்கே மனச்சாட்சியைக் கட்டும் என்று பிரான்சிஸ்கோ சுவாரஸ் (1548–1617) முதலிய சாஸ்திரிகள் விவாதித்தார்கள். ஆனால் பஸ் பயணம் வெறும் சட்ட விஷயமல்ல. அது விலைக்கு விற்கப்படும் ஒன்று. கடையில் மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு, பிடித்தால் அடி வாங்கத் தயார் என்று பையன் சொன்னால், தகப்பன் மிட்டாயின் விலை கொடுபட்டதாக ஒப்புக்கொள்வாரா? அபராதம் வேறு, கட்டணம் வேறு. இளைஞர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கோ இன்னொரு பாரம் இருந்தது. அநியாயத்தைச் செய்தவனை மட்டுமல்ல, தன் ஆலோசனையால் அதற்குக் காரணமானவனையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்களோடு அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சேர்க்கிறார். "தாராளமாகக் குத்தலாம்" என்றது யார்? கேட்டவர்கள் சட்டம் கேட்கவில்லை. தங்கள் குருவிடம், செய்யலாமா என்று கேட்டார்கள். நான் சட்டத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். 13 டிக்கெட்டுக்கு 19 யூரோ 50 சென்ட். 1,500 ரூபாய்க்கு மேல். எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பென்று சொன்னேன். அண்ணாச்சி விடவில்லை, தம் பங்கை என் கையில் திணித்தார். வேறு சிலரும் கொடுத்தார்கள். இளைஞரின் பங்கை நான் போட்டுக்கொண்டேன். அவரை வற்புறுத்த எனக்கு வாயில்லை.

யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? உடையவன் இன்னாரென்று தெரியாவிட்டால் ஏழைக்குத் தர்மமாகக் கொடுத்துவிடலாம். இங்கே உடையவர் தெரியும்: அந்தப் பட்டணத்து ஜனங்கள். ஆகவே தர்மப் பெட்டியில் போட்டு மனதை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. மறுநாள் அதே புகையிலைக் கடைக்குப் போய் 27 டிக்கெட்டு கேட்டேன். கடைக்காரர் இம்முறை நிமிர்ந்து பார்த்தார். 14-ஐக் குழுவினருக்குக் கொடுத்துவிட்டு, மீதி 13-ஐயும் கடை வாசலிலேயே கிழித்தேன்.

பாட்டியம்மாள் பதறிப்போனார். "என்ன சாமி, காசு கொடுத்து வாங்கிட்டுக் கிழிக்கிறீங்க?"

"நீங்க முந்தாநாள் கிழிச்சதைத்தான் பாட்டியம்மா நான் இன்னைக்குக் கிழிக்கிறேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. துண்டுகளைத் தெருவில் போடாதீர்கள் என்று வாங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது. அண்ணாச்சி முதலில் ஏறி, பெட்டியண்டை நின்று, ஒவ்வொருவர் டிக்கெட்டையும் வாங்கிக் குத்திக் கொடுத்தார்.