ஐந்து இரவும் ஆறு பகலும்

அந்தமானுக்குப் போக நினைக்கும் குடும்பத்துக்குச் சென்னையிலிருந்து எந்தப் பயண முகவர் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் அது ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஐந்து இரவு, ஆறு பகல். காலை விமானத்தில் போர்ட் பிளேர். அறையில் பெட்டியை வைத்த கையோடு ஒரு கடற்கரை, பிறகு செல்லுலார் சிறை, இருட்டியதும் அங்கேயே ஒலி ஒளிக் காட்சி. மறுநாள் விடியலில் கப்பலேறி ஹேவ்லாக், மாலைக்குள் அங்கே ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் எலிஃபன்ட் பீச்சில் பவளப்பாறை பார்த்து, தலை காய்வதற்குள் நீல் தீவுக்குக் கப்பல். நான்காம் நாள் நீல் தீவின் மூன்று கடற்கரைகள், மாலையில் மறுபடி போர்ட் பிளேர். ஐந்தாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு பாராடாங். ஆறாம் நாள் ராஸ் தீவு, கடைவீதி, விமானம். போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018இலேயே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயரிட்டாயிற்று. எனினும் ஊர் பேசுவது இன்னும் பழைய பெயரில்தான், இங்கும் அப்படியே இருக்கட்டும். இத்தனை வரிகளுக்கு நடுவே 'ஓய்வு' என்றும் ஒரு வரி இருக்கும். படகுத்துறையில் பெட்டிகளோடு காத்து நிற்கும் நேரத்துக்கு அப்படிப் பெயர் என்பது போன பிறகு தெரியவரும்.

இதைப் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. இந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஆண்டுக்கு நான்கு முறை கடல் கடப்பவை அல்ல. மத்திய அரசு ஊழியர் குடும்பம் என்றால், நான்காண்டுத் தொகுதிக்குள் பயன்படுத்தியாக வேண்டிய எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகை கையில் இருக்கிறது. சொந்த ஊருக்குப் போவதற்குப் பதிலாக அந்தமானுக்குப் போகலாம் என்று அரசே இடம் கொடுத்து, அந்தச் சலுகையைத் தவணை தவணையாக நீட்டித்தும் வருகிறது. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் மேலாளரின் மனநிலையும் ஒத்துப்போகும் ஒரு வாரத்தைத் தேடி எடுக்க வேண்டும். அந்த வாரத்தில்தான் விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்கும். அப்பாவின் முழங்கால் இந்த ஆண்டு ஒத்துழைக்கிறது, அடுத்த ஆண்டு எப்படியோ. 'இனி எப்போது வரப்போகிறோம்' என்ற எண்ணம்தான் அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புகிறது. மறுபடி வர வாய்ப்பில்லை என்று நினைக்கும் இடத்தில் எதையும் விட்டுவைக்க மனம் வருவதில்லை.

வீட்டுக்குள் திட்டம் உருவாகும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பையனுக்குக் கடலடியில் மூழ்க வேண்டும், தாத்தாவுக்குச் சிறையைப் பார்க்க வேண்டும், போய்வந்த சித்தி குடும்பம் சொன்ன எதையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொருவர் விருப்பமும் ஒரு வரியாக ஏறுகிறது. ஒன்றும் செய்யாமல் கிடக்க ஆசைப்படுபவர் மட்டும் அதைச் சொல்லத் தயங்குகிறார். பெரும்பாலும் அவர்தான் ஆண்டு முழுக்க அடுப்படியையும் அலுவலகத்தையும் ஒருசேரச் சுமந்தவர். சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சமாகப் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். வீட்டில் ஒருவர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பவர்களும் நாமே.

முகவர்களைக் குறை சொல்வதிலும் பாதி நியாயம்தான். இரண்டு முகவர்கள் அனுப்பிய திட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றில் பதினான்கு இடமும் மற்றதில் எட்டு இடமும் இருந்து, விலையும் ஒன்றாக இருந்தால் நம் விரல் எதன் மேல் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எட்டு இடம் போட்டவர் மழை, கடல், வயதானவர்களின் கால் என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருக்கலாம். அந்த அக்கறை தாளில் வெற்றிடமாகத்தான் தெரிகிறது, வெற்றிடத்துக்குப் பணம் கொடுக்க நாம் பழகவில்லை.

தீவுகளோ நம் திட்டத்துக்கு அடங்குவதாக இல்லை. இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ பத்துப் பாகை கிழக்கே கிடக்கிறது அந்தமான். கடிகாரம் மட்டும் டெல்லியோடு ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் அங்கே சூரியன் போய்விடும். சென்னை வழக்கப்படி சாப்பிட்டு, கண்ணயர்ந்து, நான்கரைக்குக் காபி குடித்துக் கிளம்புபவர்களுக்கு ராதாநகரில் கிடைப்பது இருட்டும் அலைச்சத்தமும்தான். 2004இல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. கடல் ஏறுவதும் வற்றுவதும் இன்னொரு கணக்கு. ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நீல் தீவில் லட்சுமண்பூர்க் கரையோரம் பாறை தானாகக் குடைபட்டுப் பாலமாக நிற்கும் இடத்துக்குக் கடல் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். அதே வற்றத்தில் அந்தக் கரையில் குளிக்க முடியாது. இந்த வாரம் காலை பத்து மணிக்குச் சரியாக இருப்பது அடுத்த வாரம் இடுப்பளவுத் தண்ணீராக நிற்கும். 'காலை 10 மணி: இயற்கைப் பாலம்' என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே தாளை அச்சடித்து வைத்திருப்பவரைக் கடல் ஒன்றும் செய்வதில்லை. வழுக்கும் பாறையில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நாம்.

மழையும் அப்படியே. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே அந்தத் தீவுகளை நனைக்கின்றன. காற்று பலமாக அடித்தால் தீவுகளுக்கு இடையே கப்பல் ஓடாது, யாரைக் கேட்டும் பயனில்லை. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களைச் சிக்கவைத்த காற்றழுத்தத் தாழ்வுநிலைதான் அடுத்த சில நாட்களில் வர்தா என்ற புயலாகச் சென்னைக்கு வந்து, டிசம்பர் 12 அன்று நம் தெருவோர மரங்களைச் சாய்த்துப்போட்டது. ஒரு கப்பல் தவறினால் விமானம் தவறும், விமானம் தவறினால் திங்கட்கிழமை தவறும் என்று இறுக்கிக் கட்டிய திட்டங்கள் அந்த வாரம் எப்படிக் குலைந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்த திட்டங்களிலும் இடைவெளி கூடியதாகத் தெரியவில்லை.

செல்லுலார் சிறைக்கு வழக்கமாக ஒதுக்குவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 1896இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையின் ஏழு கிளைகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைந்தவை. கைதி இன்னொரு கைதியின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்பதே அந்தக் கட்டடத்தின் யோசனை. நடுக்கோபுரத்தில் பெயர்கள் பொறித்த கற்பலகைகள் இருக்கின்றன, அவற்றை வாசிக்கத் தொடங்கினால் நேரம் போகும். வாசிக்க நேரமில்லை, கீழே ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒலி ஒளிக் காட்சிக்கு முன் இன்னும் ஓரிடம் பாக்கி. திரும்பும் நாள் தெரியாமல் கப்பலில் இறக்கிவிடப்பட்டவர்களின் அறை வாசலில், திரும்பும் சீட்டை முதலில் வாங்கிவிட்டு வந்தவர்களாகிய நாம், செக்கிழுத்த இடம் எது என்று கேட்டுப் படமெடுத்துக்கொண்டு நகர்கிறோம். மனத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. அது வந்து உட்காரத்தான் திட்டத்தில் இடம் இல்லை.

இவற்றையெல்லாம் நம் சொந்த நஷ்டம் என்று விட்டுவிடலாம். பாராடாங்கை அப்படி விட முடியவில்லை. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் உள்ள அந்தத் தீவுக்குப் பெரும்பாலோர் போவது அந்தமான் பெருஞ்சாலை வழியாக. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புவனத்துக்குள் நுழைகிறது. சில நூறு பேர் மட்டுமே கொண்ட அந்த மக்கள் 1990களின் பிற்பகுதி வரை வெளியாரை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள். காப்புவனப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை திறந்தே இருக்கிறது. வண்டிகள் காவலோடு அணியாகப் போக வேண்டும், நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. விதிகள் இருந்தபோதுதான் ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச்சொன்ன காணொளி 2012இல் ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாள் வழியாக வெளிவந்தது. நாடே வெட்கப்பட்டது, கொஞ்ச நாள்.

சாலையை மூடுவது எளிதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் ஊர்களில் குடியேறி வாழ்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனையும் சந்தையும் அந்தச் சாலையின் தென்முனையில் இருக்கின்றன. பிரசவத்துக்குப் போகும் பெண்ணைக் கடல்வழியில் போ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து முதல் அணியில் இடம்பிடிக்கும் நம் வண்டிகளில் நோயாளி யாரும் இல்லை. குகை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். காட்டுக்குள் நுழைந்ததும் வண்டிக்குள் பேச்சு அடங்கி, தூக்கத்தில் இருந்த பிள்ளைகளையும் எழுப்பிவிட்டு, எல்லோரும் இரு பக்க சன்னலிலும் எதைத் தேடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. வழியில் யாரும் தென்படவில்லை என்றால் ஊருக்கு வந்து அதையும் ஒரு குறையாகச் சொல்கிறோம். நம் வீட்டு வாசல் வழியாகத் தினமும் நூறு வண்டிகள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் இருப்போம். இன்னும் உறுத்துவது, பாராடாங் பல குடும்பங்களின் திட்டத்துக்குள் வந்த விதம். யாரும் அதற்காக ஏங்கியதில்லை. ஐந்தாம் நாள் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு நாளில் என்ன செய்யலாம் என்பது அப்படி ஒன்றும் புதிர் இல்லை. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, அறையைக் காலையிலேயே காலி செய்து, படகுத்துறையில் முன்னதாகப் போய் நின்று, அலையில் குமட்டிய வயிற்றோடு மறுகரையில் இறங்கி, புது அறை தயாராகும்வரை வரவேற்பறையில் உட்காருவதற்குள் பாதிப் பகல் போய்விடும். ஆகவே ஹேவ்லாக், நீல் இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம். வயதானவர்கள் இருந்தால் நீலின் சிறிய தூரங்கள் போதும். அங்கே மூன்று இரவு. போய் இறங்கும் நாளில் எந்தச் சீட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம். கடைசி இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆக வேண்டும், கப்பலை நம்பி மறுநாள் விமானத்தை வைத்துக்கொள்ள முடியாது. கடலடியில் காற்று உருளையோடு மூழ்குகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் பதினெட்டு மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் கடைப்பிடிக்கும் விதி. கடைசி நாள் காலையில் அதைச் செருகும் திட்டத்தை அங்கேயே அடித்துவிடலாம். நாளுக்கு ஓர் இடம், அதுவும் கடல் ஏறி வற்றும் நேரம் பார்த்து. சிறைக்கு ஒரு முழுப் பிற்பகல். அதற்கு விடுமுறை நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாராடாங் வேண்டாம்.

இப்படிப் போட்டுப் பார்த்தால் இரண்டு பிற்பகல்கள் முழுதாக மிஞ்சும். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் அரை மணி கடல் அழகாக இருக்கிறது. அதன்பின் கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது, அங்கே இணையம் தத்தித் தத்தி வருவது நமக்கு ஒரு புகாராகிறது. பிள்ளைகள் 'அடுத்து என்ன' என்கிறார்கள். அவர்களை இப்படிப் பழக்கியவர்கள் நாம்தான். பள்ளி முடிந்தால் கராத்தே, கராத்தே முடிந்தால் கணக்கு என்று நாள் முழுவதையும் கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டு, கடற்கரையில் மட்டும் அவர்கள் நேரத்தை மறந்து மணலில் விளையாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பணமும் கணக்குப் பேசுகிறது: ஒரு நாளுக்கு இவ்வளவு செலவு, அதில் இந்தப் பிற்பகலின் பங்கு இவ்வளவு, அதை உட்கார்ந்தே தீர்க்கிறோம். வீட்டில் செலவில்லாமல் கிடைக்கும் சும்மா இருத்தலுக்கு விமானம் ஏறி வந்தோமா என்று ஒரு குரல். வீட்டில் அது கிடைப்பதில்லை என்பது அந்தக் குரலுக்குத் தெரியாது.

முகவரிடம் ஒரு நாளைக் காலியாக விடுங்கள் என்று கேட்டால் அவர் மறுப்பதில்லை. 'சரிங்க சார், ஃப்ரீ டே போட்டுடலாம்' என்கிறார். திருத்திய திட்டம் மாலைக்குள் வந்துவிடுகிறது. நான்காம் நாளுக்கு நேரே 'ஃப்ரீ டே' என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே சிறிய எழுத்தில், அன்று விருப்பப்பட்டால் செய்துகொள்ளக்கூடியவை என்று ஏழெட்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் நேரே தலைக்கு எவ்வளவு என்ற விலையோடு. வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் தாளை எடுக்கிறோம். எடுத்த பிறகு, கண்ணாடித் தளம் வைத்த படகுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.